கடை மூழ்கினாலும் கணக்கு மூழ்கக்கூடாது

2021 டிசம்பர் 18ஆம் தேதி கனமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, குடியிருப்பாளர்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் உதவிக்குக் காத்திருந்தனர். இத்தகைய வெள்ளத்தில் போன சரக்கை மறுபடி வாங்கிவிடலாம். யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார், ஊழியருக்குப் போன மாதம் எவ்வளவு மிகைநேரப் பணம் என்பதைக் கணினியோடு தொலைத்தால் யாரிடம் போய்க் கேட்பது?

தொலைந்தது தொலைந்தது என்று விட்டுவிடவும் முடியாது. வருமான வரிக்காக வணிகப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இபிஎஃப், சொக்சோ சந்தாக்களை ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

திட்டம் என்றதும் பெரிய நிறுவனங்களின் வேலை என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் அது இரண்டு கேள்விகளில் தொடங்குகிறது. எத்தனை நாள் கணக்கு போனால் மறுபடி எழுதிச் சமாளிக்கலாம்? கணினி இல்லாமல் எத்தனை நாள் வியாபாரம் ஓடும்? நாளுக்கு நூறு ரசீது போடும் மளிகைக் கடைக்குத் தினமும் நகல் தேவை. மாதம் பத்து ரசீது போடும் லோரிக்காரருக்கு வாரம் ஒருமுறை போதும்.

நகல் எடுப்பதில் கணினித் துறையினர் வெகுநாளாகச் சொல்லும் கணக்கு 3-2-1. தரவு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறு இடத்தில். அந்த மூன்றாவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மேசை டிராயரில் கிடக்கும் பென்டிரைவ், கணினியோடு சேர்ந்தே நனையும்.

ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் கணினியில் செருகியே வைப்பதும் ஆபத்து. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாகிரை போன்ற பிணைத்தொகை வைரஸ், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். நகல் எடுத்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது நல்லது. வீடும் தாழ்வான பகுதியில் இருந்தால் வெளியூர் உறவினரிடம் கொடுக்கலாம். கணக்கு மென்பொருளை மூடாமல் கோப்பை மட்டும் பிரதி எடுத்தால் பிறகு அது திறக்காமல் போகலாம். மென்பொருளிலேயே உள்ள 'பேக்அப்' வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

கிளவுட் சேமிப்பு வசதியானதுதான். ஆனால் உள்நுழைவுக் குறியீடு வரும் கைப்பேசியும் வெள்ளத்தில் போனால் கணக்குக்குள் நுழைய வழியிருக்காது. மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வேறு இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

எடுத்த நகல் திறக்கிறதா என்று ஆண்டுக்கு இருமுறையாவது வேறொரு கணினியில் பார்க்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் அக்டோபரில் ஒருமுறை பார்ப்பது பொருத்தம்.

நகலே இல்லாமல் ஹார்ட் டிஸ்க் நனைந்துவிட்டதா? இயங்குகிறதா என்று மின்சாரம் கொடுத்துப் பார்க்கக் கூடாது. வெயிலிலும் காய வைக்கக் கூடாது. சேறு உள்ளே காய்ந்து ஒட்டிவிடும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, தரவு மீட்புக் கடைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.