தென் ஆர்க்காடு மாவட்டக் கணக்கெடுப்புகளும் குடும்ப வரலாறும்

19ஆம் நூற்றாண்டில் விழுப்புரம், திண்டிவனம் ஆகியன சென்னை மாகாணத்தின் தென் ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இரு வட்டங்கள் ஆகும். 1993 செப்டம்பர் 30 அன்று அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவை விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்தன. முன்னோரைத் தேடுவோர் பலர் இப்பகுதியின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளையே முதலில் நாடுகின்றனர். எனினும் அவற்றில் தனியாட்களின் பெயர்கள் கிடைப்பதில்லை.

கணக்கெடுப்புகள்

சென்னை மாகாணத்தில் 1851-52 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை மக்கள் எண்ணப்பட்டனர். பின்னர் 1871, 1881, 1891 ஆகிய ஆண்டுகளில் விரிவான கணக்கெடுப்புகள் நடைபெற்றன. கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகச் சென்று பெயர், வயது, சாதி, தொழில் முதலியவற்றைப் படிவங்களில் எழுதினர். ஆனால் அட்டவணைகள் தயாரானபின் அப்படிவங்கள் பொதுவாகப் பாதுகாக்கப்படவில்லை. பிரித்தானியாவிலோ 1841 முதலான வீட்டுவாரிப் பதிவுகள் பெயர்களுடன் எஞ்சியுள்ளன. அங்குள்ள வழிகாட்டி நூல்களைப் படித்துவிட்டு இங்கும் அவ்வாறே தேடுவது வீண் உழைப்பாகும்.

அச்சிட்ட அறிக்கைகள் வட்டத்தின் வீடுகளையும் மக்களையும் எண்ணிக்கையாகவே தருகின்றன. அவையும் பயனுடையனவே. மாவட்ட மக்கள்தொகை 1871இல் ஏறத்தாழ 17.5 இலட்சம், 1881இல் 18.1 இலட்சம், 1891இல் 21.6 இலட்சம். முதற் பத்தாண்டின் மந்தமான வளர்ச்சிக்கு 1876-78 பெரும் பஞ்சம் முதன்மைக் காரணம். ஒரு குடும்பத்தின் கதை அவ்வாண்டுகளில் அறுபடுமாயின் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். செஞ்சிப் பகுதி ஊர்கள் அக்காலத்தில் திண்டிவனம் வட்டத்தின்கீழ் வருகின்றன என்பதும் அறியத்தக்கது.

பெயர்கள் எஞ்சியுள்ள ஆவணங்கள்

ஊரைவிட்டுச் சென்றோரின் பெயர்களே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கின்றன. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு (இன்றைய தென்னாப்பிரிக்காவின் ஒரு பகுதி) ஏறத்தாழ 1,52,000 ஒப்பந்தத் தொழிலாளர் சென்றனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கப்பற் பட்டியல்களில் ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் ஆகியன உள்ளன. உடன் சென்ற மனைவி மக்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் காணப்படுவர். ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தவாறு எழுதியமையால் ஊர்ப்பெயர்கள் சிதைந்திருக்கும். உரக்கப் படித்துப் பார்த்தல் நன்று.

புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதிகளான மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் முதலியன விழுப்புரத்து ஊர்களுக்கு இடையிடையே அமைந்தவை. அங்குப் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியன அரசுப் பதிவேடுகளில் எழுதப்பட்டன. எல்லை தாண்டி மணம் முடித்த பெண்ணின் பிறந்த ஊரை அவற்றில் காணலாம். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி தம் வழக்கச் சட்டத்தைத் துறந்தவர்கள் புதிய குடும்பப்பெயர் ஏற்றனர். ஆகவே அவ்வாண்டுக்கு முன்பு அதே குடும்பத்தைத் தந்தை பெயரைக் கொண்டே தேடவேண்டும்.