நடையும் துணையும்

நல்ல பழக்கம் இன்னதென அறியாதார் நம்முள் மிகச் சிலரே. அறிந்ததை நாள்தோறும் செய்தலே அரிதாகின்றது. மைதானத்தில் ஓடியாடி வளர்ந்த நாம், கல்லூரியை விட்டு நீங்கிய சில ஆண்டுகளுள் நாற்காலிக்கு அடிமைகளாகின்றோம். நீரிழிவு வாயிலில் வந்து நின்ற பின்னரே நடக்கத் துணிகின்றோம்; ஒரு திங்கள் கழிய அதனையும் கைவிடுகின்றோம். இக்குறையைக் கருவி தீர்க்குமா, உற்றார் தீர்ப்பரா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1965ஆம் ஆண்டில் யப்பானில் அடிமானி ஒன்று விற்பனைக்கு வந்தது. "பதினாயிரம் அடிமானி" என்பதே அதன் பெயரின் பொருள். நாளொன்றுக்கு 10,000 அடி நடத்தல் வேண்டுமென்னும் எண்ணம் இப்பெயரினாலேயே பெரிதும் பரவியது. மருத்துவ ஆராய்ச்சி வகுத்த எல்லை அதுவன்று. சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களைப் பற்றி அமெரிக்காவில் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று 2019இல் வெளிவந்தது. நாளுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தோரிடையே, 2,700 அடி நடந்தோரிலும் இறப்புக் குறைந்திருந்தது. 7,500 அடியளவில் அப்பயன் மேலும் பெருகாது நின்றது. ஆகவே, பேரெண்ணைக் கண்டு முதியோர் அஞ்ச வேண்டுவதில்லை.

கருவி மட்டும் போதுமோ? எடை குறைக்க முயன்ற 471 இளைஞரை ஆராய்ந்த முடிவு 2016இல் வெளிவந்தது. ஈராண்டு முடிவில், அணிகருவி பெறாதோர் சராசரி 5.9 கிலோகிராம் குறைந்தனர், பெற்றோர் 3.5 கிலோகிராமே குறைந்தனர். கருவி கணக்கெழுதும், கைப்பிடித்து அழைத்துச் செல்லாது.

இனி, துணையின் வலிமையைக் காண்போம். அமெரிக்காவிலுள்ள பிரேமிங்காம் இருதய ஆராய்ச்சியைச் சார்ந்த 94 குடும்பங்களிலிருந்து 200 பேர் ஒரு பரிசோதனையிற் சேர்ந்தனர். அனைவர்க்கும் நடையை எண்ணும் கருவி உண்டு. ஒரு சாரார்க்கு மட்டும் குடும்ப விளையாட்டொன்று வகுக்கப்பட்டது. வாரத் தொடக்கத்தில் குடும்பத்துக்கு 70 புள்ளிகள் அளிக்கப்பட்டன. நாள்தோறும் குடும்பத்துள் ஒருவர் குலுக்கல் முறையில் தெரிவாவார். முந்திய நாள் அவர் தம் இலக்கை எய்தாவிடின் குடும்பம் 10 புள்ளிகளை இழக்கும். 2017இல் வெளிவந்த முடிவின்படி, 12 வாரங்களில் இவர்கள் 53 வீதமான நாட்களிலும், ஏனையோர் 32 வீதமான நாட்களிலும் இலக்கை எய்தினர். விளையாட்டு நின்றபின் ஊக்கம் சற்றே தளர்ந்தது. எனினும் முற்றாக அழிந்திலது. தமக்காக நடவாதவரும் தம்மவர் இழப்பாரென எண்ணி நடந்தனர்.

பழைய மாணவராகிய நமக்கு இத்தகைய துணை புதிதன்று. ஒரே வகுப்பிற் பயின்று, அயலில் வாழும் நால்வர் ஒரு நேரத்தைக் குறித்து நடக்கலாம். கடல் கடந்து வாழ்வோர் அன்றாட அடிக்கணக்கைத் தொலைபேசி வாயிலாகத் தோழர்க்கு அனுப்பலாம். நோயுடையோர் முதலில் வைத்தியரைக் கேட்டல் நன்று. தவறியவனை எள்ளி நகையாடாது, அவன் வாயிலுக்கே சென்று மறுநாட் காலை அழைப்போமாக.