சைக்கிள் சில்லும் மின்னேற்றியும்

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாடு பல்லாண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. மண்ணெண்ணெய் அருமையாயிற்று, வானொலிக்கு இடும் மின்கலமோ தடைசெய்யப்பட்ட பண்டம். ஆயினும் நம்மவர் செய்தி கேளாதிருந்தாரல்லர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலியைப் பேசவைத்தனர். ஒருவர் சுற்ற, ஏனையோர் செவிசாய்த்தனர்.

அக்காட்சியை மனத்திற் கொண்டால், இன்று தச்சர் கையாளும் கம்பியில்லாத் துளைகருவியின் மின்னேற்றியும் எளிதில் விளங்கும்.

டைனமோ தருவது திசை மாறிமாறிப் பாயும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ ஒரே திசையிற் செல்லும் நேரோட்டம். ஆதலின் இடையே இருவாயி வேண்டும். அது மீன்பிடிக் கூட்டின் வாயைப் போன்றது. உட்செல்ல விடும், மீள விடாது.

மின்னேற்றியிலும் இதுவே முறை. வீட்டுக்கு வரும் 230 உவோல்ற்றை நிலைமாற்றி குறைக்கின்றது. நான்கு இருவாயிகள் அதனை நேரோட்டமாக்குகின்றன. பின்னர் ஒரு தடை ஓட்டத்தை அளவுபடுத்துகின்றது.

மாணவர் இதனைக் கணித்துப் பார்க்கலாம். பழைய நிக்கல்–கட்மியக் கலம் ஒன்று 1.2 உவோல்ற்று, பத்துக் கலம் சேர்ந்தால் 12. மின்னேற்றும்போது அவ்வடுக்கு ஏறத்தாழ 14 உவோல்ற்றாக உயரும். சீராக்கிய மின்னழுத்தம் 18 எனின், எஞ்சுவது 4. அடுக்கின் கொள்ளளவு 1.2 அம்பியர்-மணி என்க. அதன் பத்திலொரு பங்கான 0.12 அம்பியர் பாயவேண்டுமெனின், 4ஐ 0.12ஆல் வகுக்க, தடை ஏறத்தாழ 33 ஓம். கணக்கின்படி பத்து மணி நேரம் போதும். ஆயின் ஒரு பகுதி வெப்பமாய் வீணாதலால் பதினான்கு மணி வரை செல்லும்.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். இவ்வெளிய சுற்றுக்குக் கலம் நிறைந்ததை அறியும் ஆற்றல் இல்லை. நாட்கணக்கில் மறந்து விட்டால் கலம் சூடேறிக் கெடும். இன்றைய இலிதியம்-அயன் கலத்தை இதிற் பொருத்துவதோ பேராபத்து. அவ்வகைக் கலம் பெரும்பாலும் 4.2 உவோல்ற்றைத் தாண்டலாகாது. தாண்டின் தீப்பற்றவுங் கூடும். அதற்கென அமைந்த, தானே நிறுத்தும் மின்னேற்றியையே கொள்ளல் வேண்டும். மாணவர் எவரும் 230 உவோல்ற்றுப் பெட்டியைத் தனியே திறந்து பார்த்தலும் தகாது.

அன்று சுற்றிய கை ஓய்ந்ததும் வானொலியும் ஓய்ந்தது. இன்றைய எளிய மின்னேற்றியோ ஓய்வறியாதது. அதற்குப் ‘போதும்’ என்று சொல்லவேண்டியவர் நாமே.