கரையில் கவிழ்ந்த பரிசல்

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காட்டுப் பாதையில் சென்றால் ஒகேனக்கல் வந்து சேரும். பெங்களூர்வாசிகள் பலர் விடுமுறை நாட்களில் இவ்வழியாகவே அருவி காண வருகிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, பரிசலேறிப் பாறைகளுக்கிடையே போவது, வறுத்த மீனை ருசி பார்ப்பது ஆகிய மூன்றும் இல்லாவிடில் அந்த யாத்திரை பூர்த்தியாகாது. எண்ணெய் தேய்ப்பவர், பரிசல்காரர், மீன் வறுக்கும் அம்மாள் ஆகியோர் வீட்டு அடுப்புகள் யாவும் வருகிறவர்களை நம்பியே எரிகின்றன.

ஆனால் காவேரித் தாய் விடுமுறை நாள் பார்த்தா பெருகுகிறாள்? கபினியும் கிருஷ்ணராஜ சாகரமும் நிரம்பி வழிந்தால், பிலிகுண்டுலுவில் நீரை அளக்கும் உத்தியோகஸ்தர்கள் செய்தி அனுப்புகிறார்கள். உடனே பரிசலுக்கும் குளியலுக்கும் ஜில்லா நிர்வாகம் தடை விதிக்கிறது. 2018-இலும் 2022-இலும் ஆகஸ்டு மாதத்தில் வினாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோதோ ஆற்றில் வெள்ளமே இல்லை. ஆயினும் வருவதற்கு ஆள் இல்லை. தடை நியாயமானதே, உயிரைவிடப் பெரியது எது? அந்த நாட்களில் பரிசல்காரர் வீட்டில் உலை எப்படி ஏறும் என்பதுதான் கேள்வி.

சட்டம் இல்லாமலில்லை. 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாநிலந்தோறும் நிவாரண நிதி உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு மத்திய சர்க்கார் முக்கால் பங்கும் மாநில சர்க்கார் கால் பங்கும் அளிக்கின்றன. இடிந்த வீடு, அழிந்த பயிர், உடைந்த படகு எல்லாம் அதன் கணக்கில் வரும். பரிசல்தான் உடையவில்லையே, சும்மா கவிழ்ந்துதானே கிடக்கிறது! 2021 ஜூனில் மத்திய சர்க்கார், அங்கீகாரம் பெற்ற சுற்றுலா வழிகாட்டிகளுக்கு 1 லட்சம் ரூபாயும், பிரயாண ஏஜென்ஸிகளுக்கு 10 லட்சம் ரூபாயும் வரை கடன் உத்தரவாதம் அறிவித்தது. நல்ல காரியந்தான். எனினும் கடன் என்பது திருப்பித் தர வேண்டியது. துடுப்பு பிடிக்கும் கைக்கு அங்கீகாரச் சீட்டு ஏது?

வழி நம்மிடமே இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. அந்தக் காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசாங்கம் நிவாரணத் தொகை தருகிறது. தொழிலை நிறுத்தச் சொல்லும் சர்க்கார் சோற்றுக்கும் பொறுப்பு ஏற்கிறது என்பதே அதன் தாத்பரியம். கடலுக்கு உள்ள அந்த நியாயம் காவேரிக்கும் வேண்டாமா? பரிசல் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, தடை உத்தரவில் கலெக்டர் கையெழுத்திடும் அன்றே திறக்கும் நிதி ஒன்றைச் சட்டத்தில் எழுதிவிடலாம்.

அருவிக்குப் போய்த் தடைப் பலகையைக் கண்டு திரும்பும் நேயர்களுக்கு வீணாவது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரையில் பரிசலைக் கவிழ்த்துவிட்டு நிற்பவருக்கு வீணாவது ஒரு மாதத்து அரிசி.