குறட்டை நின்றால் கவனியுங்கள்!

கணவரின் குறட்டையைக் கேலி செய்யாத மனைவி உண்டோ? ஆனால் சகோதரி, அஞ்ச வேண்டியது அந்தச் சத்தத்தை அல்ல, நடுவே விழும் நிசப்தத்தை. தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபட, பத்து விநாடிக்கு மேலும் மூச்சே இராது. பிறகு திணறி இழுப்பார். இதுவே ‘ஸ்லீப் ஆப்னியா’. தூங்குகிறவர் அறியமாட்டார், சாட்சி நீங்கள்தான். இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022-இல் காலமானது இந்நோயால் என்றார் அவருடைய டாக்டர்.

இரவெல்லாம் தூங்கியும் பகலில் அசந்து விழுகிறாரா? காலையில் தலைவலியா? இரத்த அழுத்தம் அடங்கவில்லையா? நல்லவாட்டுக் கடலில் சுக்கான் பிடித்தபடி கண் அயர்ந்தால் என்ன கதி! புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். உடம்பில் கருவிகளை ஒட்டி ஓரிரவு தூங்கவைத்துப் பார்ப்பதுதான் பரிசோதனை, கத்தி கிடையாது.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இது வருவதுண்டு. அவரையும் ஓரிரவு விழித்திருந்து கேட்கச் சொல்லுங்களேன்!