வார்டிலேயே கிடைக்கும் ஆய்வுத் தலைப்புகள்

1954-ல் நடந்த சாலை விபத்து, மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவரின் கால்களை முடக்கியது. அவர் வேலூர் சிஎம்சியில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

இத்துறையில் எம்.டி. படிப்பு 3 ஆண்டுகள், ஆய்வேடு கட்டாயம். கால அவகாசத்துக்குப் பயந்து பலரும் மூட்டுவலிக்கு ஓர் ஊசி, சில வாரங்கள் கழித்து வலி அளவு என்று எளிதில் முடிகிற தலைப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் வருத்தமுண்டு. தண்டுவடம் அடிபட்டவர் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் வார்டில் இருக்கிறார். அவரைத் தினமும் பார்த்துப் பேசுகிற வாய்ப்பு பிற துறைகளின் பி.ஜி. மாணவர்களுக்கு எளிதில் வாய்க்காது.

நோயாளி பிறர் உதவியின்றி எவ்வளவு செய்கிறார் என்பதை அளக்க, உலகெங்கும் பயன்படும் 'ஃபிம்' அளவுகோலில் 18 கேள்விகள். மதிப்பெண் 18 முதல் 126 வரை. அமெரிக்காவில் உருவானது அது. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட முடிகிறதா, குத்தவைத்து எழ முடிகிறதா என்று அது கேட்பதில்லை. நம் கிராமத்து நோயாளிக்கோ அவைதான் முதல் கவலை. இவற்றுக்கான கேள்விகளைத் தமிழில் வடித்து, அவை நம்பத்தக்கவையா என்று சோதிக்க விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. நோயாளிகளோடு உட்கார நேரம் வேண்டும்.

தண்டுவடம் அடிபட்டுத் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாதவர்கள் பயன்படுத்தும் சிறுநீர்க் குழாயையே எடுத்துக்கொள்வோம். கிருமிநீக்கம் செய்யாமலே, சுத்தமான குழாயை நோயாளி தானே அவ்வப்போது செருகிச் சிறுநீரை வெளியேற்றலாம் என்று அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் லாபிடஸ் குழுவினர் 1972-ல் எழுதினார்கள். எத்தனையோ பேரின் சிறுநீரகங்களைக் காத்த முறை இது. வீட்டில் ஒரே குழாயை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள் என்று விசாரித்தால் அதுவே நல்ல ஆய்வு.

கருவிகளில் ஆர்வமுள்ளவர்களுக்கும் வழியுண்டு. பக்கவாதத்தில் செயலிழந்த கைக்குப் பயிற்சி தரும் 'புளூட்டோ' ரோபோவை சிஎம்சியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்தே உருவாக்கின. பொறியாளருக்குத் தெரியாத நோயாளியின் சிரமம் பி.ஜி. மாணவருக்குத் தெரியும்.

வீடு திரும்பியவர்களைப் பின்தொடர்வதுதான் கடினம். சிஎம்சியின் 'ரீஹாப் மேளா'வுக்குப் பழைய நோயாளிகள் திரண்டு வருகிறார்கள். அங்கே பல ஆண்டு வாழ்க்கையைக் கேட்டறியலாம். எம்.டி. மாணவர்கள் மாவட்ட மருத்துவமனையில் 3 மாதம் பணியாற்றியாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆனவர்கள் அந்த மாவட்டங்களில்தான் வசிக்கிறார்கள். அந்த 3 மாதத்தில் வாரம் ஒரு நாளை வீடு தேடிச் செல்ல ஒதுக்கித் தரும்படி, கைடுகள் இப்போதே கல்லூரிகளிடம் கேட்க வேண்டும்.