மருத்துவமாதுக்குரிய கூலியை யார் கொடுப்பது?
வீட்டுப் பிரசவத்தின் செலவும் அதன் பின்னால் உள்ள பாடங்களும்

பிரசவ வேதனை நேரம் பார்த்து வருவதில்லை. வீட்டில் கையிருப்பு எவ்வளவு என்று பார்த்தும் வருவதில்லை. ஆயினும் அந்த வேளையில் ஒரு தாயின் அருகே யார் வந்து நிற்கப் போகின்றார் என்பதைப் பல சந்தர்ப்பங்களில் பணமே தீர்மானித்து வந்துள்ளது. மேலைநாடுகளில் வாழும் நமது உறவினர்கள் சிலர், பயிற்சி பெற்ற மருத்துவமாதை வீட்டுக்கு அழைத்துப் பிள்ளை பெறுவது பற்றிப் பேசுவதை அண்மைக் காலங்களில் கேட்க முடிகின்றது. சில நாடுகளில் அதற்குக் கட்டணமே இல்லை. வேறு சில நாடுகளில் ஒரு குடும்பத்தின் பல மாத வருமானத்தை அது விழுங்கிவிடுகின்றது. ஒரே சேவைக்கு இத்துணை வேறுபாடு ஏன் என்பதை விளங்கிக்கொள்வது, நமது நாட்டில் நாம் கட்டணமின்றி அனுபவித்து வரும் ஒரு சேவையின் பெறுமதியை உணர்வதற்கும் உதவும்.

முன்னொரு காலத்தில் இந்தக் கணக்கு எளிமையானதாகவே இருந்தது. தமிழ்க் கிராமமாயினும் முஸ்லிம் கிராமமாயினும் அனுபவமுள்ள மருத்துவிச்சி ஒருவர் இருந்தார். அழைத்தால் வந்தார். பிள்ளை பிறந்ததும் நெல்லோ சேலையோ கையில் இருந்த காசோ கொடுத்து அனுப்பினார்கள். வசதியுள்ளவர் கூடக் கொடுத்தார். இல்லாதவர் பின்னர் கொடுத்தார். அந்தப் பெண்கள் ஊருக்கு ஆற்றிய பணியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் பிரசவத்தின் பின் ஏற்படும் கடும் இரத்தப்பெருக்கையும், உயர் இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பையும், கிருமித் தொற்றையும் அனுபவம் ஒன்றினால் மட்டும் வெல்ல முடியவில்லை. இலங்கையில் 1930களில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் உயிரிழந்தனர். அதாவது ஐம்பது பிரசவங்களுக்கு ஒரு தாய் என்ற அளவில் மரணம் நிகழ்ந்தது.

செலவு என்பது எதைக் குறிக்கின்றது?

பாதுகாப்பான வீட்டுப் பிரசவம் ஒன்றின் செலவில் நான்கு கூறுகள் உள்ளன. முதலாவது, மருத்துவமாதின் உழைப்பு. பிரசவ தினத்து உழைப்பு மாத்திரமன்றி, கர்ப்ப காலப் பரிசோதனைகளும், எந்த நேரத்திலும் அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வாரங்களும், பிள்ளை பிறந்த பின்னரான வீட்டுத் தரிசிப்புகளும் இதில் அடங்கும். இரண்டாவது, உபகரணங்களும் மருந்துகளும். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவி, சிசு மூச்சுவிடத் திணறினால் பயன்படுத்தும் சாதனங்கள், இரத்தப்பெருக்கைக் கட்டுப்படுத்தும் ஒக்சிற்றோசின் மருந்து போன்றவை இவை. ஒக்சிற்றோசினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் பேண வேண்டும் என்பதால், அதனை வைத்திருப்பதே ஒரு செலவாகும்.

மூன்றாவது, ஆயத்தநிலை. சிக்கல் ஏற்பட்டால் தாயை உடனடியாக ஏற்றிச் செல்லும் வாகனமும், அவளை ஏற்றுக்கொள்ளும் வைத்தியசாலையும், அங்கே இரத்தமும் சத்திரசிகிச்சைக் கூடமும் தயாராக இருக்க வேண்டும். கடும் இரத்தப்பெருக்கு இரண்டு மணித்தியாலத்திற்குள்ளேயே ஒரு ஆரோக்கியமான பெண்ணின் உயிரைப் பறித்துவிடக்கூடியது. நான்காவது, தவறு நேர்ந்தால் இழப்பீடு வழங்குவதற்கான தொழில்சார் காப்புறுதி. குடும்பங்கள் பொதுவாகக் கணக்கிடுவது முதலாவது கூறை மட்டுமே. ஏனைய மூன்றையும் யாராவது ஒருவர் செலுத்தியே ஆகவேண்டும். அந்த ஒருவர் அரசா, காப்புறுதி நிறுவனமா, அல்லது பெற்றோரா என்பதிலேயே நாடுகள் வேறுபடுகின்றன.

இங்கிலாந்து கற்ற பாடம்

இவ்விடயத்தில் இங்கிலாந்தின் வரலாறு கவனத்திற்குரியது. 1902ஆம் ஆண்டின் மருத்துவமாதர் சட்டம், மருத்துவமாதர் பயிற்சி பெற்றுப் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற முறையை ஏற்படுத்தியது. சிக்கல் ஏற்பட்டால் மருத்துவர் ஒருவரை அழைக்க வேண்டும் என்பதும் விதியாயிற்று. ஆனால் வந்த மருத்துவருக்கான கட்டணத்தை யார் கொடுப்பது என்பதற்கு உறுதியான ஏற்பாடு இருக்கவில்லை. ஏழைக் குடும்பம் மருத்துவரை அழைக்கத் தயங்கியது. பணம் கிடைக்காது என அறிந்த மருத்துவரும் வரத் தயங்கினார். 1918ஆம் ஆண்டின் சட்டமே இக்குறையை நிவர்த்தி செய்தது. மருத்துவமாது அழைத்தால் மருத்துவரின் கட்டணத்தை உள்ளூர் அதிகாரசபை முதலில் செலுத்தும். இயலுமான குடும்பங்களிடமிருந்து பின்னர் அறவிட்டுக்கொள்ளும். 1936ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி முன்சென்று, சம்பளம் பெறும் மருத்துவமாதர் சேவையை உள்ளூர் அதிகாரசபைகளின் கடமையாக்கியது. 1948இல் தேசிய சுகாதார சேவை ஆரம்பிக்கப்பட்டதோடு பிரசவ வேளையில் பணம் என்ற பேச்சே அற்றுப்போயிற்று.

இன்றும் அங்கே வீட்டுப் பிரசவத்தை விரும்பும் தாய்க்கு அரச சேவையின் மருத்துவமாது கட்டணமின்றி வருவார். எனினும் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பிரசவங்களே வீட்டில் நிகழ்கின்றன. தாம் தெரிந்தெடுத்த ஒருவரே ஆரம்பம் முதல் இறுதி வரை கவனிக்க வேண்டும் என விரும்புவோர் சுயாதீன மருத்துவமாதரை நாடுகின்றனர். அவர்களது கட்டணம் பல ஆயிரம் பவுண் ஆகும். 2014 ஜூலை முதல் இவர்களும் தொழில்சார் காப்புறுதி வைத்திருப்பது சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது.

இங்கிலாந்தில் 64,000க்கும் மேற்பட்ட, ஆபத்துக் குறைந்த கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்று இரு உண்மைகளை வெளிப்படுத்தியது. முன்னர் பிள்ளை பெற்ற ஆரோக்கியமான தாய்மாருக்கு வீட்டுப் பிரசவத்தினால் குழந்தைக்கு ஆபத்து அதிகரித்ததாகத் தெரியவில்லை. ஆனால் தலைப்பிரசவத்தில், குழந்தைக்குக் கடும் பாதிப்பு ஏற்படும் விகிதம் வைத்தியசாலைப் பிரசவத்தில் ஆயிரத்துக்கு 5.3 ஆகவும் வீட்டுப் பிரசவத்தில் 9.3 ஆகவும் காணப்பட்டது. வீட்டிலேயே பெறத் திட்டமிட்ட தலைப்பிரசவத் தாய்மாரில் 45 வீதமானோர் வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டனர். அதே ஆய்வின் செலவுக் கணக்கின்படி, திட்டமிட்ட வீட்டுப் பிரசவத்திற்குச் சராசரியாக 1,066 பவுணும் வைத்தியசாலைப் பிரசவத்திற்கு 1,631 பவுணும் அரசுக்குச் செலவாயின. வீட்டுப் பிரசவம் மலிவானது என்பது உண்மையே. ஆனால் அம்புலன்ஸ் வண்டியும் வைத்தியசாலையும் ஏற்கனவே தயாராக இருக்கும் நாட்டில் மட்டுமே அது உண்மையாகும்.

நெதர்லாந்து, கனடா, அமெரிக்கா

செல்வந்த நாடுகளுள் வீட்டுப் பிரசவத்தை நீண்டகாலம் பேணிவந்த நாடு நெதர்லாந்து. 1960களின் நடுப்பகுதியில் அங்கு மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் வீட்டிலேயே பிறந்தன. இவ்வளவு 2000களின் ஆரம்பத்தில் ஏறக்குறைய 30 வீதமாகவும், அண்மைய ஆண்டுகளில் 20 வீதத்திற்கும் கீழாகவும் குறைந்துவிட்டது. அனைவருக்கும் கட்டாயமான அடிப்படைச் சுகாதாரக் காப்புறுதியே மருத்துவமாதின் கட்டணத்தைச் செலுத்துகின்றது. மருத்துவக் காரணம் எதுவுமின்றி வைத்தியசாலையில் பிள்ளை பெற விரும்புபவரே ஒரு பகுதிக் கட்டணத்தைத் தாமே செலுத்த வேண்டும். பிள்ளை பிறந்த பின் சுமார் ஒரு வாரத்திற்கு வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பராமரிக்கும் உதவியாளரின் சேவையும் இத்திட்டத்தில் அடங்கும். அதற்குச் சிறு தொகை அறவிடப்படுகின்றது.

புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 1994 ஜனவரி முதலாந் திகதி முதல் மருத்துவமாதர் தொழில் சட்டரீதியாக ஒழுங்குபடுத்தப்பட்டது. வீட்டில் பெறுவதா, வைத்தியசாலையில் பெறுவதா என்பதைத் தாய் தெரிவு செய்யலாம். எங்கு பெற்றாலும் மருத்துவமாதுக்கான கொடுப்பனவை மாகாண அரசே வழங்குகின்றது. மாகாண சுகாதாரக் காப்புறுதி அட்டை இன்னும் கிடைக்காதவரும் அம்மாகாணத்தில் வசிப்பவராயின் மருத்துவமாதின் சேவையைக் கட்டணமின்றிப் பெறலாம். புதிதாக நாட்டுக்குள் வந்த கர்ப்பிணி ஒருவருக்கு இஃது எத்துணை ஆறுதலானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றுக்கு நேர்மாறான நிலையை ஐக்கிய அமெரிக்காவில் காண்கின்றோம். அங்கே தாதியாகவும் பயிற்சி பெற்ற மருத்துவமாதரின் சேவைக்கு, வறியோருக்கான மெடிக்கெயிட் திட்டம் பணம் செலுத்த வேண்டும் என்பது 1980ஆம் ஆண்டிலிருந்தே சட்டமாக உள்ளது. ஆனால் வீட்டுப் பிரசவங்களைப் பெரிதும் கவனிக்கும் ஏனைய மருத்துவமாதரை எல்லா மாநிலங்களும் அங்கீகரிப்பதில்லை. பல காப்புறுதி நிறுவனங்களும் அவர்களுக்குப் பணம் செலுத்துவதில்லை. ஆகவே பல ஆயிரம் டொலர் கட்டணத்தைப் பெற்றோரே தவணை முறையில் கட்டி முடிக்கின்றனர். இடைநடுவில் வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டால் அந்தக் கட்டணமும் இந்தக் கட்டணமும் ஒன்றாகத் தலையில் விழும். செலவுக்கு அஞ்சி மாற்றத்தைத் தாமதிக்கும் நிலைக்கு ஒரு குடும்பம் தள்ளப்படுமாயின், 1918க்கு முற்பட்ட இங்கிலாந்துக்கே நாம் திரும்பிச் செல்கின்றோம் எனலாம்.

இலங்கை தேர்ந்த வழி

நமது நாடு இக்கேள்விக்குத் தனக்கென ஒரு விடையைக் கண்டது. 1879இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டு, மருத்துவமாதர் வீடு வீடாகச் செல்லும் முறை வளர்ந்தது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவமாதரின் பதிவுக்கும் இடமளித்தது. 1931இல் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்த பின்னர் கிராமங்களின் சுகாதாரத் தேவைகளை அரசியல்வாதிகளால் புறக்கணிக்க முடியவில்லை. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது.

இதன் பயனாகப் பயிற்சி பெற்ற மருத்துவமாது ஏழையின் குடிசைக்கும் வந்தார். அவருக்கான சம்பளத்தை அரசு கொடுத்தது. ஆரம்பத்தில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே அவரது கையில் நிகழ்ந்தன. பின்னர் வைத்தியசாலைகள் பெருகியபோது, தாய்மாரை அங்கே அனுப்பி வைத்தவரும் அவரே. மலேரியா ஒழிப்பு, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், இரத்த வங்கி, பெண் கல்வி ஆகியனவும் துணைநிற்க, 2,000க்கு மேலிருந்த தாய் மரண விகிதம் 2010களின் பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கு 30க்கும் 40க்கும் இடைப்பட்ட நிலைக்கு இறங்கியது. இன்று 99 வீதத்திற்கும் மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன.

ஆதலால் இங்கே வீட்டுப் பிரசவத்திற்குப் பணம் கொடுத்து ஒருவரை அழைக்க வேண்டிய தேவை இல்லை. அவ்வாறு செய்வது பாதுகாப்பானதும் அல்ல. இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் வீட்டுப் பிரசவத்தைத் தாங்கி நிற்கும் ஏற்பாடு, அதாவது தாய் வீட்டில் இருக்கும்போதே வைத்தியசாலை அவளுக்காக ஆயத்தமாக இருக்கும் ஏற்பாடு, நம்மிடம் இல்லை. அந்நியர் முன்னிலையில் பிள்ளை பெறுவதற்கான கூச்சம், பெண் ஒருவரே தம்மைக் கவனிக்க வேண்டும் என்ற விருப்பம், வீட்டில் ஏனைய பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமை என்பன காரணமாகச் சில தாய்மார் வைத்தியசாலையை விரும்பாதிருக்கலாம். இவை நியாயமான உணர்வுகளே. பிரசவ விடுதியில் மறைப்பும் மரியாதையும் தாய்மொழியில் ஒரு வார்த்தையும் கிடைப்பதை உறுதிசெய்வது சுகாதார நிர்வாகத்தின் கடமை. தமிழ் பேசும் தாயிடம் அவளுக்கு விளங்காத மொழியில் கட்டளையிடப்படுமாயின், இலவச சேவையும் அவளுக்குத் தொலைவாகவே இருக்கும்.

அதேவேளை இலவசம் என்பது முற்றாகச் செலவற்றது என்றும் பொருளாகாது. மலையகத் தோட்டமொன்றின் மேற்பிரிவிலிருந்தோ, மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்தோ, வன்னியின் உட்கிராமமொன்றிலிருந்தோ வைத்தியசாலைக்கு வருவதற்கு வாகனக் கூலி வேண்டும். துணைக்கு வருபவரின் நாட்கூலியும் இழக்கப்படும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு நிலவியபோது வாகனம் தேடுவதே பலருக்குப் பிரசவத்திலும் பெரிய வேதனையாயிற்று. 2016இல் ஆரம்பிக்கப்பட்ட 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை இக்குறையைப் பெருமளவு தீர்க்கக்கூடியது. அந்த இலக்கத்தை ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டாரும் அறிந்திருத்தல் வேண்டும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியவையும் சில உள்ளன. கர்ப்பம் தரித்ததும் பிரதேசத்தின் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவு செய்தல், கிளினிக் தவணைகளைத் தவறவிடாதிருத்தல், கர்ப்பகாலப் பதிவேட்டை எப்போதும் கையில் வைத்திருத்தல், பிரசவத்திற்கான வாகனத்தையும் சிறு தொகைப் பணத்தையும் எட்டாம் மாதத்திலேயே ஒதுக்கி வைத்தல் என்பன அவை. இரத்தம் படுதல், கடும் தலைவலி, கண் மங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது.

குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் பதினெட்டு மாதப் பயிற்சி பெற்று, சுமார் மூவாயிரம் பேர் கொண்ட பிரிவொன்றைப் பொறுப்பேற்கின்றார். அவரது பதவி வெற்றிடமாகும்போது அந்தப் பிரிவின் கர்ப்பிணிகளைத் தேடிச் செல்ல எவரும் இல்லாது போகின்றது. சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் இவ்வெற்றிடங்களை நிரப்பாது விடுவது அரசுக்குச் சேமிப்பாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவமாதுக்குரிய கூலியை அரசு கொடுக்காவிடின், அதைக் கொடுக்க வேண்டியவர் வறிய தாயே. அவளிடம் பணம் இல்லாதபோது எதைக் கொடுத்தாள் என்பதை 1930களின் மரணக் கணக்கு நமக்குச் சொல்லி வைத்திருக்கின்றது.